அஞ்சு மணிக்கு என் முழங்கால்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சர்ச்சில் ஒரு பெண் குழந்தைக்கு என் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஞானஸ்நானத்துக்குத் தண்ணீரைக் கையில் அள்ளியபடி ஆயர் கேட்டார் — “பிள்ளைக்கு என்ன பேர்?” குழந்தையின் தாய் பியூலா சத்தமாகச் சொன்னாள் — “ஹெலன்!”

எனக்குப் புல்லரித்துவிட்டது. இந்தக் காலத்தில் யாராவது ஹெலன் என்று பெயர் வைப்பார்களா? ஜெனி, ஷைனி என்று எத்தனை ஸ்டைலான பெயர்கள் இருக்கின்றன! பெருமை தாங்காமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, நாலு பேர் பார்க்கும்படி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அந்தப் பெருமை ரெண்டு நிமிஷம்கூட நிற்கவில்லை. பியூலா மைக்கை வாங்கிச் சாட்சி சொல்ல ஆரம்பித்தாள்.

“எனக்கு ரெண்டு தடவ கலைஞ்சு போச்சு. மூணாவது உண்டானப்போ, படுக்கையவிட்டு எந்திக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. முழங்கால் போட்டு ஜெபம் பண்ண முடியல. எங்க ஹெலன் அக்காதான் தெனமும் காலைல அஞ்சு மணிக்கு எனக்காக முழங்கால்ல நின்னாங்க. நானும் அந்நேரம் முழிச்சிருவேன். அக்கா எனக்கும் சேத்து முழங்கால் போடுதாங்கன்னு நெனச்சிக்கிட்டு, படுத்துக்கிட்டே ஜெபிப்பேன். அவுங்க ஜெபத்துக்குக் கெடைச்ச பிள்ளை இது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!”

“அல்லேலூயா!” என்றது சபை. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

எனக்கு அப்படியே பெஞ்சுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஏனென்றால், நான் ஒரு நாள்கூட முழங்கால் போடவில்லை. ஒரே ஒரு நாள்கூட!

என்ன நடந்தது தெரியுமா? பியூலா சாத்தான்குளம் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனி வேலைக்காக இங்கே வந்த குடும்பம். புருஷன் டெய்லர், அவள் தைத்த பனியனில் குறை பார்க்கிற செக்கிங். அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். போன வருஷம் ஒரு நாள், நான் ஆபீஸுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தவள் வழியில் நின்று விஷயத்தைச் சொன்னாள். கண்ணெல்லாம் பயம். “எனக்காக ஜெபிப்பியளா யக்கா?”

“கண்டிப்பா ஜெபிச்சுக்கிறேன்மா.”

“எத்தன மணிக்கு ஜெபம் பண்ணுவிய?”

இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை. பஸ் வேறு வந்துவிட்டது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு ஏறினேன் — “அஞ்சு மணிக்கு.”

அஞ்சு மணி! எங்கள் தெருவில் பாத்திரப் பட்டறைக்காரர்கள் தட்ட ஆரம்பித்த பிறகும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற ஆள் நான். இந்தப் பத்திரிகையில் வாராவாரம் நான் எழுதுகிற இதே பத்தியில்தான் அதிகாலை ஜெபத்தின் மகிமையைப் பற்றி ஒரு வாரம் உருக உருக எழுதினேன். உங்களில் சிலர் பாராட்டிக் கடிதம்கூடப் போட்டீர்கள். இப்போது அவற்றைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள்... நம்மில் எத்தனை பேருக்கு இந்த “ஜெபிச்சுக்கிறேன்” என்பது “சரி, போயிட்டு வர்றேன்” மாதிரி ஆகிவிட்டது? எதிராளி கஷ்டத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாம் அதைச் சொல்லிவிடுகிறோம். சொன்னதோடு நம் பங்கு முடிந்தது. அந்தப் பக்கம் ஒருத்தி அதையே நம்பி இருட்டில் கண் விழித்துப் படுத்திருப்பாள் என்று யாருக்குத் தோன்றுகிறது?

ஆராதனை முடிந்தது. வெளியே வந்தால் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். “அக்கா, எங்கூட்டுக்காரருக்கு அடுத்த வாரம் ஆபரேசனுங்க. உங்க அஞ்சு மணி ஜெபத்துல அவரையும் சேத்துக்குங்க” என்று ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் என்ன சொன்னேன் என்று நினைக்கிறீர்கள்?

“ஜெபிச்சுக்கிறேன்மா.”

பாழாய்ப்போன வாய்! வீடு வந்து சேர்வதற்குள் அந்தப் பெண்ணுடைய புருஷன் பெயரே மறந்துபோயிருந்தது. அப்போதுதான் என்மேல் எனக்கே அருவருப்பு வந்தது. பியூலாவிடம் உண்மையைச் சொல்லாவிட்டால் இந்தப் பொய் வளர்ந்துகொண்டே போகும். சொன்னாலோ, கூடப்பிறந்தவளாய் நினைக்கிற ஒருத்தியை இழந்துவிடுவேன். அவள் விசுவாசமே ஆட்டம் கண்டுவிட்டால்?

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். “உடும்மா. கொழந்த நல்லாத்தான இருக்குது? எதையாச்சும் சொல்லி அந்தப் புள்ள மனசக் கெடுக்காத” என்றார்.  ஆனாலும் சாயங்காலம் பியூலா வீட்டுக்குப் போய்விட்டேன்.

பியூலா தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். “வாங்கக்கா, ஒங்க பேருக்காரியப் பாருங்க” என்று சிரித்தாள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். “நான் அஞ்சு மணிக்கு எந்திரிச்சதே இல்ல பியூலா. உனக்காக ஜெபிக்கவும் இல்ல. என்னை மன்னிச்சிரும்மா.”

தொட்டில் நின்றது.

“ஒரு நாளு கூடவாக்கா?”

“ஒரு நாள்கூட இல்ல.”

அவள் கண் கலங்கிவிட்டது. “வயித்துல சுருக்குன்னா உசுரே போயிரும்க்கா. அந்நேரம், அக்கா இப்ப முழங்கால்ல நிக்காங்கன்னு நெனச்சாத்தான் தூக்கமே வரும்” என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தேன். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள் — “அப்ப நான் ஒத்தையில கெடக்கலன்னு எனக்குத் தைரியம் சொன்னது யாருக்கா?”

 பெண்கள் ஐக்கியத்தில் வருஷக்கணக்காகக் கிருபையைப் பற்றிப் பேசுகிறவள் நான்; அது என்னவென்று அப்போதுதான் புரிந்தது. கம்பெனியில் கார்டு பஞ்ச் செய்தால்தான் சம்பளம். ஆண்டவரோ நான் வராத நாளுக்கெல்லாம் சேர்த்து அவளுக்குத் தைரியத்தைக் கொடுத்திருக்கிறார். நான் வரவில்லை என்று யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. அது தெரிந்ததும் வெட்கம் இன்னும் கூடத்தான் செய்தது.

“பேர மாத்திடும்மா” என்றேன்.

“அதெப்படி மாத்த? தண்ணி ஊத்தியாச்சுல்லா!” என்றாள் வெடுக்கென்று. “இவ காலைல அஞ்சு மணிக்குப் பாலுக்கு முழிச்சிருவா. நான் ஒங்க செல்லுக்கு மிஸ்டு கால் குடுக்கேன். எந்திச்சி எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுங்க. அப்பத்தான் நம்புவேன்.”

திங்கட்கிழமை காலை மிஸ்டு கால் வந்தது. எழுந்தேன், கொடுத்தேன், ஜெபித்தேன். செவ்வாய்க்கிழமையும் வந்தது. அன்றைக்கு உடம்பு அசதி... தலையணைக்கு அடியில் கையை விட்டு, கண்ணைத் திறக்காமலே திருப்பி மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் புரண்டு படுத்தேன்.

போன் மறுபடியும் அடித்தது. நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. காசு போனால் போகிறது என்று நிஜமாகவே கூப்பிட்டிருந்தாள்.

“யக்கா, முழங்கால்ல நிக்கியளா? படுத்துக் கெடக்கியளா?”

நின்றேன். மூட்டு இன்னும் வலிக்கிறது.