பத்துப் பக்க வாக்கு

அவரை எழுத்தாளர் என்று கூப்பிட்டவர்கள் குறைவு. விழா அண்ணன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். பகலில் குடிநீர் அலுவலகத்தில் உட்கார்ந்து புகார் மனுக்களுக்கு எண் போடுவார். சாயங்காலமானால் யாராவது ஒருவருடைய புத்தகத்துக்கு வெளியீட்டு விழா நடத்துவார். நாற்காலி போடுவது, மைக்செட்காரரை விரட்டுவது, வராதவர்களை வந்ததாகச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை.

ஆறு நாவல் எழுதியிருந்தார். அவற்றைப் படித்தவர்கள் யாரென்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். ஆனால் கைப்பேசிக் குழுவில் முப்பத்திரண்டு எழுத்தாளர்களைச் சேர்த்து வைத்திருந்தார். நீ என் புத்தகத்தைப் பாராட்டு, நான் உன் புத்தகத்தைப் பாராட்டுகிறேன் என்பதுதான் அங்கே எழுதாத சட்டம். பின்னட்டை, முதல் பக்கம், கடைசிப் பக்கம், நடுவில் கண்ணில் பட்ட ஒரு பத்தி, இவ்வளவு போதும், அண்ணன் அரை மணி நேரத்தில் மதிப்புரை தயார் செய்துவிடுவார். அதில் அவருக்கு வெட்கம் எதுவும் இல்லை. ஊரில் எல்லோரும் நனையும்போது நமக்கு மட்டும் எதற்குக் குடை என்பார்.

அவருடைய மனைவிக்கு இந்தக் கூத்தெல்லாம் பழகிப்போயிருந்தது. ஒருநாள் அலமாரியில் தூசி தட்டிக்கொண்டே கேட்டார்: “மத்தவங்க புத்தகம் கிடக்கட்டும். நீங்க எழுதினதையாவது நீங்க திரும்பப் படிச்சிருக்கீங்களா?”

அண்ணன் சிரித்து மழுப்பினார். அன்றைக்கே உட்கார்ந்து படித்திருக்கலாம்.

விழாவில் அவருக்கென்று ஒரு முத்திரை இருந்தது. முதல் பிரதியைப் பெரிய மனிதர்களுக்குக் கொடுக்க மாட்டார். எழுதியவர் வீட்டிலேயே புத்தகத்தைத் தொடாத ஆள் யாரென்று பார்த்து அவரை மேடையேற்றுவார். தினம் பத்துப் பக்கம் படிப்பேன், மாலை ஏழு மணிக்கு அண்ணனுக்குப் போன் செய்து பக்க எண்ணைச் சொல்வேன் என்று எல்லோர் முன்னாலும் வாக்கு வாங்குவார். பிறகு தினமும் குழுவில் போடுவார், இன்று முப்பது, இன்று நாற்பது என்று. அந்த வேடிக்கைக்காகவே நாலு பேர் கூடுதலாகப் புத்தகம் கேட்டார்கள்.

மருந்துக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண் ஐந்து வருடமாக எழுதிய நாவலைக் கொண்டுவந்தாள். நூற்று எண்பத்து நான்கு பக்கம். அண்ணன் வழக்கம்போல அரை மணி நேரத்தில், குடும்பப் பாசத்தின் குளிர்நிழல் என்று எழுதிக் கொடுத்தார். குழுவில் இன்னும் இருபது பேர் அதையே வேறு வேறு வார்த்தையில் எழுதினார்கள். விழாவுக்கு முன்னால் அவள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் பிரதியைத் தன் பெண்ணுக்குக் கொடுக்கச் சொன்னாள், வீட்டுக்காரருக்கு வேண்டாம் என்றாள். அடக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் அண்ணன்.

அவளுடைய கணவர் லாரி எடைமேடையில் வேலை செய்பவர். பின்வரிசையில், கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணன் அவரைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார். எண்ணைத் தவிர எதையும் படித்ததில்லை என்று அந்த மனிதர் சொன்னபோது கூட்டம் சிரித்தது. வாக்குக் கொடுத்தார். அண்ணன் சும்மா விடுவாரா, போகிற இடமெல்லாம் செய்வதுபோலத் தன்னுடைய இரண்டாவது நாவலிலும் கையெழுத்துப் போட்டு, இதையும் படியுங்கள் என்று அவர் கையில் திணித்தார். புகைப்படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மருந்துக்கடைப் பெண் மட்டும் கீழே எதையோ தவறவிட்டவள்போல நிற்கிறாள்.

மறுநாள் திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் போன் வந்தது. “பத்து சார்” என்றார் எடைமேடைக்காரர். செவ்வாய்க்கிழமை இருபது. ஒரு பக்கம் கூடாது, ஒரு பக்கம் குறையாது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை, இப்படி ஒரு ஒழுங்கான வாசகரை அவர் பார்த்ததே இல்லை.

சனிக்கிழமை அறுபது என்று சொல்லிவிட்டு அவர் போனை வைக்கவில்லை.

“இதுல ஒரு குளியலறை வருது சார். உள்பக்கம் தாப்பாள் கிடையாது, வெளிப்பக்கம்தான் இருக்குன்னு எழுதியிருக்கா. எங்க வீட்டுலயும் அப்படித்தான்.”

குரலில் கோபம் இல்லை. எடைச்சீட்டு வாசிப்பதுபோலச் சொன்னார். அண்ணன் அந்தப் புத்தகத்தை அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தார். ஞாயிறு மதியத்துக்குள் முழுவதும் படித்துவிட்டார். நூற்றைம்பது பக்கம் வரை அந்தப் பெண் பட்ட பாடு. பூட்டிய கதவு, உடைந்த விரல், வெளியே சொன்னால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பயம். நூற்று ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் அவள் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடி ஒளியப்போகும் அறை வருகிறது. எந்தத் தெரு, கீழே என்ன பேக்கரி, கதவுக்கு என்ன பச்சை, எல்லாம் இருந்தது. கதையில் இன்னும் அவள் போகவில்லை, பெண்ணின் பரீட்சை முடியக் காத்திருக்கிறாள்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு மருந்துக்கடைக்குப் போனார். அவள் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. அதை அவர் இதற்கு முன் எத்தனை முறை பார்த்திருப்பார்.

“இப்பதான் படிச்சீங்களாண்ணே?” என்றாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“மதிப்புரை எழுதினீங்களே, படிச்சிருப்பீங்கன்னு நினைச்சேன். குழுவுல இத்தனை பேர் படிக்கிறாங்க, ஒருத்தராவது வந்து என்னம்மான்னு கேப்பாங்கன்னுதான் அச்சுல போட்டேன். அவர் எதையும் படிக்க மாட்டார். எனக்கிருந்த ஒரே தாப்பாள் அதுதாண்ணே.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. அந்தத் தாப்பாளை அண்ணன்தான் மேடை போட்டு, மைக் வைத்து, கைதட்டலோடு கழற்றியிருந்தார். காவல் நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்டார். ஒரு தடவை போனதாகவும், அவர்கள் கணவரையே கூப்பிட்டு அவரோடு அனுப்பிவைத்ததாகவும் சொன்னாள். வீட்டில் இப்போது என்ன சொல்கிறார் என்றதற்கு, ஒன்றும் சொல்வதில்லை, தினமும் பத்துப் பக்கம் முடித்ததும் புத்தகத்தை உறையில் போட்டு அலமாரியில் வைக்கிறார், அதுதான் பயமாக இருக்கிறது என்றாள். வேறு ஊர், வேறு அறை எழுதியிருக்கக் கூடாதா என்று அவர் கேட்டே விட்டார்.

“எனக்குத் தெரிஞ்ச ரூம் அது ஒண்ணுதாண்ணே” என்றாள்.

பெண்ணின் கடைசிப் பரீட்சை அடுத்த திங்கட்கிழமை. அன்று அந்த மனிதர் நூற்றைம்பதை முடிப்பார். பச்சைக் கதவு செவ்வாய்க்கிழமைக் கணக்கு. நடுவில் இருந்தது ஒரே ஒரு மாலை. புத்தகத்தைப் பாதியில் நிறுத்திவிடச் சொல்லி அண்ணன் அன்றைக்கே பேசிப் பார்த்தார், வாக்கு நிறைவேறிவிட்டது என்றார். எடைமேடைக்காரர், மேடையில் கொடுத்த வாக்கு என்றார். நான் ஒரு கிலோகூட விட்டவனில்லை என்றார். அந்த ஒழுங்கைத்தான் இருவரும் நம்ப வேண்டியிருந்தது.

பேக்கரி மாடி இனி ஆகாது. அண்ணனிடம் ஓர் அறை இருந்தது. மூடிப்போன அச்சகத்தின் மேல்மாடி, பின்பக்கமாக இரும்புப் படி ஏறிப் போக வேண்டும். விற்காத பிரதிகளை அங்கேதான் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தார். பதினைந்து வருடம் முன்பு அவர் உட்கார்ந்து எழுதிய இடம். அது யாருக்கும் தெரியாது என்று அவர் மனைவியிடம் சொன்னபோது, அந்த அம்மா ஒரு பாயும் இரண்டு போர்வையும் எடுத்துக் கொடுத்தார்.

திங்கட்கிழமை பரீட்சைக் கூடத்திலிருந்தே தாயும் மகளும் அங்கே வந்துவிட்டார்கள். மாலை ஏழு மணிக்கு அண்ணனின் போன் அடித்தது.

“நூத்தி அம்பது சார்.”

வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை நூற்று அறுபது என்றார். பச்சைக் கதவைப் போய்த் தட்டியதாகவும், அப்படி யாரும் குடிவரவில்லை என்று பேக்கரிக்காரர் சொன்னதாகவும், யாரோ தெரிந்தவரைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். வெள்ளிக்கிழமை நூற்று எண்பத்து நான்கு.

“முடிஞ்சுது சார். நல்லா எழுதியிருக்கா. ஒரு இடத்துலகூடப் பொய் இல்லை.” புத்தகத்தை மூடும் சத்தம் கேட்டது. “நாளைலேர்ந்து உங்களுது.”

இதைச் சொல்ல எனக்கே கூசுகிறது, ஆனால் நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். அந்தக் கணத்தில் அண்ணனுக்கு உள்ளே எங்கோ ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. வாழ்நாளில் முதல்முறையாக ஒருவர் அவருடைய நாவலை முழுசாகப் படிக்கப்போகிறார். அந்தச் சந்தோஷத்தில் அவர் வேறு எதையும் யோசிக்கவில்லை. புத்தகம் எழுதுகிறவன் புத்தி அப்படித்தான்.

சனிக்கிழமை ஏழு மணி.

“பத்து சார்.”

“எப்படி இருக்கு?” என்று கேட்டார் அண்ணன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அந்தப் படியை நல்லா எழுதியிருக்கீங்க. ஏறினா ஊரே கேக்குற மாதிரி சத்தம் போடும்னு. நாளைக்கு எனக்கு லீவு சார். வெச்சிடறேன்.”

அண்ணன் அலமாரிக்கு ஓடினார். இரண்டாவது நாவல் பின்வரிசையில் கிடந்தது. உள்ளே என்ன எழுதினோம் என்றே அவருக்கு நினைவில்லை. புரட்டினார். ஏழாம் பக்கத்தில் இருந்தது. மூடிய அச்சகம், அதற்கு எதிரே சைக்கிள் கடை, பின்பக்க இரும்புப் படி, கட்டுக்கட்டாகப் புத்தகம் அடுக்கிய மேல்மாடி அறை. யார் படிக்கப்போகிறார்கள் என்று தெருப்பெயரைக்கூட மாற்றாமல் எழுதியிருந்தார்.

அவளுக்குப் போன் செய்தார். அவள் உடனே எடுத்தாள்.

“கிளம்பும்மா. இப்பவே. பாப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பிடு.”

“எத்தனாவது பக்கம்ணே?”

“ஏழு.”

அவள் அழவில்லை. மகளிடம் செருப்பைப் போடச் சொன்னது கேட்டது. பை இழுபடும் சத்தம் கேட்டது. எங்கே போகப்போகிறாய், துணைக்கு நானும் வருகிறேன், இடத்தை மட்டும் சொல் என்று அண்ணன் கெஞ்சினார்.

“உங்ககிட்ட சொல்ல மாட்டேண்ணே” என்றாள். “எழுதிருவீங்க.”