அரண்மனைக் காவலாளியின் தலையசைப்பு

ஸ்பெயினில் கம்ப்யூட்டர் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள், இரண்டாம் வருஷம் பாதியில் கறுக்க ஆரம்பித்தாள்.

கொடைக்கானலில் பிறந்து வளர்ந்த பெண். குளிரில் கன்னம் சிவந்து வெடித்திருக்குமே தவிர, வெயிலில் கறுத்து நான் பார்த்ததில்லை. வாரம் ஒருமுறை வீடியோவில் பேசும்போது கவனித்தேன். நெற்றியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே வெளுப்பு, கீழே கறுப்பு. தொப்பி போட்டுக்கொண்டு நாளெல்லாம் வெட்டவெளியில் நிற்பவர்களுக்குத்தான் அப்படி விழும்.

“என்ன பாப்பா, லைப்ரரிக்குள்ளயும் வெயில் அடிக்குதா?” என்று கேட்டேன்.

“இங்க வெயில் ஜாஸ்திப்பா. அம்மாட்ட குடுங்க” என்றாள்.

அம்மாவிடம் கொடுத்தால் போன் அடுப்படிக்குப் போய்விடும். பிறகு அங்கிருந்து குசுகுசுப்புதான் வரும். நான் உள்ளே போனால் இருவரும் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

நான் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறவன். சந்தேகம் எனக்குத் தொழிலோடு வந்தது. ஏரி, தூண் பாறை, பைன் காடு என்று ஆட்களை ஏற்றி இறக்கியே பாதி ஆயுள் போயிற்று. எந்தக் கடைத் தைலத்தில் என்ன கலக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த பங்களாவை ஒரு துரை தன் காதலிக்காகக் கட்டினார் என்று கைடுகள் சொல்லும் கதைகளில் எது யார் கட்டியது என்றும் தெரியும். இரண்டு மூன்று நானே கட்டியவை. ஊர் பார்க்க வந்தவனிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை என்பதை அனுபவத்தில் கற்றவன் நான்.

அப்படிப்பட்டவனை மகள் ஊர் பார்க்கக் கூப்பிட்டாள்.

“ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்கப்பா. டிக்கெட் நான் எடுக்குறேன்.”

படிக்கிற பிள்ளை எப்படி டிக்கெட் எடுக்கும்? கேட்டதற்கு, பகுதி நேர வேலை என்று சொல்லி முடித்துக்கொண்டாள். நீயும் வா என்று மனைவியைக் கூப்பிட்டேன். “எனக்கு வத்தலக்குண்டு பஸ்ஸுலயே வாந்தி வரும். வானத்துல வேறயா? நீங்க போய்ட்டு வாங்க” என்றாள். மகளை இரண்டு வருஷமாகப் பார்க்காத தாய் இவ்வளவு லேசாகச் சொன்னது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெட்டி கட்டும்போது பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அடியில் திணித்தாள். தொட்டுப் பார்த்தேன். இரும்பு.

“என்ன இது?”

“அருவாமனை. அங்க நல்லது கெடைக்காதாம். பிரிக்காதீங்க, கை கிழிச்சிரும்.”

அருவாமனையைத் தேடி அழுகிற பெண்ணா என் மகள்? வெங்காயம் நறுக்கச் சொன்னாலே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாளே. ஆனாலும் பெட்டியைப் பூட்டிவிட்டேன்.

கிரனாடா என்ற அந்த ஊரில் இறங்கியபோது மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் உள்ளங்கை என் கழுத்தில் உரசியது. சொரசொரப்பாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அறைக்குப் போனதும் முதல் காரியமாக அந்தப் பொட்டலத்தை எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அவள் சமையல் மேடையில் ஒரு கத்திதான் இருந்தது. அருவாமனை அந்தப் பக்கமே வரவில்லை.

“மொதல்ல உன் காலேஜக் காட்டு” என்றேன்.

“இப்ப லீவுப்பா. பூட்டிக் கெடக்கும். அரண்மனையப் பாத்துரலாம், வாங்க. அதுக்கு டிக்கெட் கெடைக்கிறதே கஷ்டம்.”

மறுநாள் வெள்ளனே கிளம்பினோம். அல்ஹம்ப்ரா என்பது ஒரு குன்றின் மேல் இருக்கிறது. ஏறுகிற பாதையில் இருபுறமும் உயர்ந்த மரங்கள். ஓரத்துக் கால்வாயில் தண்ணீர் சலசலத்து இறங்கியது. தூரத்தில் பனி மூடிய மலை. அந்தக் குளிர் எனக்குப் பழகிய குளிர்தான். வழியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்து என் கையில் ஒரு பச்சைத் தழையைத் திணிக்கப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அடுத்து ரேகை பார்க்கிறேன் என்பாள், அதற்கடுத்து காசு என்பாள். எங்கள் ஊரில் இதையே குதிரையை வைத்துச் செய்கிறார்கள்.

வாசலில் பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள். என்னுடையதை ஒரு காவலாளி வாங்கி, படத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் மகளைப் பார்த்தார். பாஸ்போர்ட் கேட்கவில்லை. லேசாகத் தலையை அசைத்தார்.

அந்தத் தலையசைப்பு எனக்குத் தெரியும். நான் டூரிஸ்ட் பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு சாக்லேட் கடைக்குப் போனால் கடைக்காரர் எனக்குப் போடுவது அதே தலையசைப்புதான். வந்திருப்பவர்களுக்குத் தெரியக்கூடாது, எனக்குத் தெரிய வேண்டும். அந்த அளவில் ஒரு அசைவு.

‘ஓகோ’ என்று நினைத்துக்கொண்டேன். இவள் இங்கே ஆள் கூட்டி வருகிறாள். கைடு வேலை பார்க்கிறாள். என்னிடம் மறைக்கிறாள்.

உள்ளே அரண்மனையின் அழகைப் பற்றி நான் அதிகம் சொல்ல முடியாது. சுவரெல்லாம் பூ வேலையும் அரபி எழுத்தும். குவிமாடத்தின் உட்புறம் தேனடை மாதிரி செதுக்கியிருந்தார்கள். சிங்கங்கள் தாங்கும் ஒரு தொட்டி. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தார்கள். நான் மகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அவள் கைடு மாதிரி ஒன்றும் விளக்கவில்லை. எந்த ராஜா, எந்த வருஷம் என்று கேட்டால் விழித்தாள். ‘வெரசா வாங்கப்பா, தோட்டத்துக்குப் போவோம்’ என்பதிலேயே குறியாக இருந்தாள்.

தோட்டம் தனியாக, எதிர்மேட்டில் இருந்தது. நீளமான ஒரு வாய்க்கால், அதன் இரு கரையிலிருந்தும் வில்லாக வளைந்து விழும் நீர்க்கம்பிகள், ஓரமெல்லாம் பூச்செடிகள். அங்கே வேலிச் செடியை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் என் மகளைப் பார்த்து ஏதோ சத்தமாகச் சொல்லிச் சிரித்தாள். மகள் வேகமாக ஒரு வார்த்தை பதில் சொல்லிவிட்டு என்னைத் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

“என்ன சொன்னா அந்தம்மா?”

“வெயில் அடிக்குதுன்னாங்கப்பா.”

வானம் மூடிக் கிடந்தது.

கொஞ்ச தூரத்தில் ரோஜாச் செடிகள். பேசிக்கொண்டே வந்தவள், வாடிய பூ ஒன்றைக் காம்போடு கட்டை விரல் நகத்தால் கிள்ளினாள். கிள்ளியதைக் கீழே போடவில்லை. ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டாள். அவளுக்கே அது தெரியவில்லை என்று நினைக்கிறேன். நான் அப்படியே நின்றுவிட்டேன். தோட்டங்களுக்கு எத்தனையோ பேரைக் கூட்டிப் போயிருக்கிறேன். நல்ல பூவைத் திருடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். காய்ந்த பூவைப் பறித்துப் பையில் போடுகிற டூரிஸ்டைப் பார்த்ததில்லை.

மேலே ஒரு படிக்கட்டு இருந்தது. அதன் கைப்பிடிச் சுவரின் தலையில் வாய்க்கால் வெட்டி அதில் தண்ணீரை ஓடவிட்டிருந்தார்கள். கையை வைத்தால் விரலுக்கிடையில் தண்ணீர் ஓடியது.

“மோட்டார எங்க ஒளிச்சு வச்சிருக்காங்க?” என்று கேட்டேன்.

“மோட்டாரே இல்லப்பா!” என்றாள். அந்த ஊருக்கு நான் வந்த பிறகு அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. “மேல ஆத்துல இருந்து வாய்க்கா வெட்டிக் கொண்டாந்துருக்காங்க. அந்தக் காலத்துலயே. தண்ணி தன்னால எறங்குது. எல சருகு விழுந்து அடைச்சுக்கிரும். அப்பப்ப மடைய மூடிட்டு உள்ள எறங்கி சுத்தம் பண்ணுவோம்.”

“பண்ணுவோமா?”

அவள் வாய்க்காலில் மிதந்த சருகு ஒன்றை எடுத்தாள்.

“பண்ணுவாங்கன்னு சொல்லியிருக்கணும். பண்ணுவோம்னு சொல்ற. யாரெல்லாம் சேந்து பண்ணுவீங்க?”

“அப்பா, இப்படி உக்காருங்க.”

“நான் நிக்கிறேன். நீ சொல்லு.”

சொன்னாள். கம்ப்யூட்டர் படிப்பை முதல் வருஷத்தோடு விட்டுவிட்டாள். இந்த ஊரில் தோட்டக்கலை கற்றுக்கொடுக்கும் ஒரு பள்ளியில் சேர்ந்திருக்கிறாள். பயிற்சிக்காக இந்த அரண்மனைத் தோட்டத்தில் சம்பளத்தோடு வேலை செய்கிறாள்.

“பெயிலாயிட்டியா?”

“இல்லப்பா. பாஸாயிட்டேன். அதான் பயமா இருந்துச்சு. இப்படியே பாஸ் பண்ணி பாஸ் பண்ணி வயசாயிரும்னு தோணிச்சு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்ஸிக்கு முன்னால் நான் ஜீப் ஓட்டியவன். பூண்டி, மேல்மலைப் பக்கமிருந்து கேரட்டும் வெள்ளைப்பூண்டும் ஏற்றிக்கொண்டு இறங்குவேன். விலை விழுந்த ஒரு மழைக்காலத்தில், மூட்டை மூட்டையாகக் கேரட்டை ரோட்டோரம் கொட்டிவிட்டு என் மாமனார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சிக்குப் பிறகுதான் என் பிள்ளை மண்ணைத் தொடக்கூடாது என்று முடிவு செய்தேன்.

“வெள்ளப்பூண்டு நடுறதுக்கு ஒனக்கு ஸ்பெயின் எதுக்கு? பூண்டியில நட்டிருக்கலாமே!”

“பூண்டியில நட்டா நீங்க விட்டிருப்பீங்களா?”

பக்கத்தில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சிறிது நேரத்தில் கோபம் ஆறியது, சந்தேகம் ஆறவில்லை. இவ்வளவு நாள் ஒன்றைச் சொன்னவள், இப்போது சொல்வது மட்டும் உண்மையா? இதற்குப் பின்னால் ஒரு பையன் இருப்பானோ? தோட்டம் என்பதும் பொய்யாகி, எங்கோ ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாளோ?

“வேல செய்யிற எடத்தக் காட்டு” என்றேன்.

தோட்டத்துக்குக் கீழே சரிவில், சுவர் கட்டித் தட்டுத் தட்டாக நிலம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு நிமிஷம் மேல்மலைதான் ஞாபகம் வந்தது. ராஜாக்கள் காலத்திலிருந்து அரண்மனைக்குக் காய்கறி போட்ட நிலமாம், இன்றைக்கும் விதைக்கிறார்கள். அவரைக் கொடி, தாமரை மொட்டு மாதிரி ஏதோ ஒரு காய், வரிசையாக வெள்ளைப்பூண்டுத் தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு, முழங்கால் உயர ரப்பர் கம்பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி வரப்பில் நின்றிருந்தார். அவர்தான் இவளுக்கு மேலாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எம் பொண்ணு எப்படி வேல செய்யிதுன்னு கேளு” என்றேன்.

மகள் கேட்டாள். அந்தப் பெண்மணி ஆரம்பித்தார். கையை ஆட்டினார், மண்ணைக் காட்டினார், மகளைக் காட்டினார், நெற்றியில் அடித்துக்கொண்டார், சிரித்தார். மழை மாதிரி பேசி முடித்தார்.

“நல்லா செய்யிறேனாம்” என்றாள் மகள்.

“அவ்வளவு நேரம் பேசினதுக்கு இம்புட்டுத்தானா? ஏட்டி, நானும் கைடுதான். டெல்லிக்காரனுக்கு நான் மொழிபெயர்த்த மொழிபெயர்ப்ப எங்கிட்டயே செய்யாத. முழுசாச் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாள். “சொன்ன பேச்சு கேக்க மாட்டாளாம். மொத மாசம் ஒரு வேலிய பாதிக்குப் பாதி வெட்டி மொட்டையடிச்சுட்டாளாம். அதப் பாத்துட்டு இவங்களுக்குத் தூக்கமே வரலயாம். தண்ணிய ஜாஸ்தி விட்டுருவாளாம். ஆனா மத்தவங்க போன பெறகும் நின்னு, தண்ணி கடைசிப் பாத்தி வரைக்கும் போயிருச்சான்னு பாத்துட்டுத்தான் போவாளாம்.”

அப்போதுதான் நம்பினேன். புகழ்ச்சியை மட்டும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். முகத்துக்கு நேரே குறை சொல்கிறவர்கள் நம் பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பவர்களாகத்தான் இருக்க முடியும்.

அந்தப் பெண்மணி எதையோ எடுத்துவந்து என்னிடம் காட்டி, கட்டை விரலை உயர்த்தினார். களைக்கொத்து. கைப்பிடி தேய்ந்த, பூண்டிப் பட்டறையில் அடித்த களைக்கொத்து. அது எந்தச் சேலைத் துணியில் வந்தது என்று எனக்குத் தெரியும்.

“காலையில நீங்க குளிக்கப் போனப்ப, எங்கூட வேலைக்கு வர்ற பக்கத்து ரூம் அக்காட்ட குடுத்து விட்டேன்” என்றாள் மகள்.

அங்கேயே நின்று மனைவிக்குப் போன் போட்டேன்.

“ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“அவ படிப்ப மாத்துன அன்னிக்கே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா நீங்க ஏரோப்பிளேன் ஏறியிருப்பீங்களா? இங்க இருந்தே கத்தியிருப்பீங்க. பிள்ள நல்லாச் சாப்பிடுதா, அதச் சொல்லுங்க.”

மீதி நாட்களில் அவள் வேலைக்குப் போகும்போது நானும் போனேன். வரப்பில் உட்கார்ந்து பார்த்தேன். குனிந்து களை எடுக்கும்போது அவள் முதுகு வளைவது அவள் அம்மாவைப் போலவே இருந்தது. எனக்கு அது பெருமையாக இருந்தது என்று சொன்னால் பொய். ஆனால் அவள் பாடிக்கொண்டே வேலை செய்தாள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவள் பாடி நான் கேட்டதில்லை. பயிற்சி முடிந்ததும் வேலை நிலைக்குமா, எத்தனை நாளைக்கு இப்படி வெயிலில் நிற்பாள், கல்யாணம் காட்சி என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னேன்: “இனிமே எதுன்னாலும் எங்கிட்ட மொதல்ல சொல்லு.” “சரிப்பா” என்றாள். அந்தச் சரியை நான் முழுதாக நம்பிவிடவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டில் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள்.

“பாப்பா என்ன மாமா வேல பாக்குது அங்க?” என்றான் எங்கள் சொந்தத்தில் ஒருவன்.

“தோட்ட வேல” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தொப்பியும் கம்பூட்ஸுமாக, கையில் ஒரு கட்டுப் பூண்டோடு நிற்கிறாள்.

“இது போட்டோவுக்குப் போட்ட வேஷம்” என்றான் ஒருவன். “கண்ணு பட்டுரும்னு மறைக்கிறாரு” என்றான் இன்னொருவன். “சொல்ல இஷ்டமில்லன்னா விட்டுருங்க மாமா. தோட்ட வேலன்னு எதுக்குப் பொய் சொல்றீங்க?”

நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதற்குள் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம் சவாரி கேட்டது. போனை ஸ்டாண்டுக்காரர்கள் கையிலேயே விட்டுவிட்டு வண்டியைத் துடைக்கப் போனேன்.