அளவு ஜாக்கெட்

காலையில் மாம்பலம் ஸ்டேஷன் எடை மிஷினில் காசு போட்டேன். சீட்டின் ஒரு பக்கம் 'நல்ல செய்தி வரும்' என்றது. மறுபக்கம் மூன்று மாதத்துக்கு முந்தைய அதே எடை.

தினமும் வேக நடை, லேடீஸ் ஜிம்மில் டம்பெல், சாதத்தைப் பாதியாக்கிச் சுண்டலைக் கூட்டியது, எல்லாம் எதற்கு? இந்த மாதத்தோடு ஜிம்மை நிறுத்திவிடுவதென்று முடிவு செய்தேன்.

அதே கடுப்போடு மயிலாப்பூர் டெய்லரிடம் போய், புது ஜாக்கெட்டைத் திரைக்குப் பின்னால் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் தொளதொள. கையோ இறுக்கிப் பிடித்தது.

"என்னப்பா தச்சிருக்கே? அளவு ஜாக்கெட் குடுத்தேனே!"

அவர் அதை எடுத்துப் புதியதன் மேல் விரித்தார். இம்மிகூடப் பிசகவில்லை.

"வேற யாருதையோ குடுத்துட்டு என்னாண்ட வந்து கத்தறியேம்மா. இது உன்னுதே இல்ல."

என்னுடையதுதான். போன தீபாவளிக்கு அவரே தைத்தது.

சண்டைக்கு வாயைத் திறந்தபோதுதான் உறைத்தது. இடுப்பில் கொழுப்பு போயிருக்கிறது, கையில் சதை இறுகியிருக்கிறது. மொத்த எடையை மட்டும் பார்க்கும் மிஷினுக்கு அது எப்படித் தெரியும்? சுடிதாரிலேயே காலம் தள்ளியதில் எனக்கும் தெரியவில்லை.

ஜிம்மை நிறுத்தப்போவதில்லை என்று வீட்டில் சொன்னேன். கணவர் அலமாரியைத் திறந்து பார்த்தார்.

"இத்தனை ஜாக்கெட்டையும் பிரிச்சுத் தைக்கறதுக்கு, நீ பழையபடி குண்டாயிடறது சுலபம்."

பிரவுசிங் சென்டரிலிருந்து எழுதுகிறேன். நம் மின்னஞ்சல் குழுவில் யாருக்காவது நல்ல டெய்லரைத் தெரியுமா? என்னுடையவர் இன்னும், அது என் ஜாக்கெட்டே இல்லை என்று சாதிக்கிறார்.