மூளைக்குப் போகும் பங்கு

அண்ணிக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. எலி, முயல், செம்மறியாடு, குரங்கு என்று எது வந்தாலும் முதலில் பட்டினி போடுவாள். பிறகு கதிரியக்கம் கலந்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, மயக்கி, ஸ்கேனுக்குள் படுக்க வைப்பாள். சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் மூளை திரையில் மஞ்சளாக எரியும். செத்த இடம் கறுத்துக் கிடக்கும்.

"எலிக்கும் மனுஷனுக்கும் மூளை செல் ஒண்ணுக்கு ஆகிற தீனி கிட்டத்தட்ட ஒண்ணுதான். நமக்கு செல் அதிகம், பந்தி பெருசு. சாப்பிடறதுல அஞ்சுல ஒரு பங்கு மூளையே தின்னுடும்," என்று ஒருமுறை சாப்பாட்டு மேசையில் சொன்னாள்.

"அதானே, உங்க வீட்டாளுங்க ஏன் கொறிச்சிட்டு எழுந்திருக்கிறாங்கன்னு பார்த்தேன்," என்றான் அண்ணன். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். வேலையிடத்தில் மின்சாரம் தாக்கி இதயம் நின்றது. மறுபடி ஓட வைப்பதற்குள் நேரமாகிவிட்டது. கண் திறந்தான், யாரையும் பார்க்கவில்லை. வீட்டில் வயிற்றுக் குழாய் வழியாக அண்ணிதான் சத்துக் கரைசல் ஊற்றினாள். மாதங்கள் போகப் போக, அதே அளவு கரைசலுக்கே கன்னம் உப்பியது.

"சதை போட்டிருக்கான் பாரு. எம்புள்ள தேறிட்டு வர்றான்," என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

படுத்தே கிடந்தாலும் சதை போடும் என்றார் டாக்டர். அண்ணி கேட்கவில்லை, மூளை தன் பங்கைத் தின்கிறதா என்று பார்க்க ஸ்கேன் எடுக்க வைத்தாள். திரையருகே நின்றவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூளையின் மேற்பரப்பு முழுக்கக் கறுப்பு. இனி அவன் திரும்பப் போவதில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். டாக்டர் சொன்னபடி கரைசலைக் குறைத்தாள்.

அம்மா கரைசல் குவளையைப் பார்த்துவிட்டாள்.

"என்னடி, குறைச்சலா இருக்கு?"

"இப்ப அவருக்கு இவ்வளவு போதும், அத்தை."

"ஓடியாடற வரைக்கும் உனக்கு அவன் வேணும். இப்ப வயித்துல கை வைக்கிறியா? எலியப் பட்டினி போட்டுப் பழகின கைதானே."

அண்ணி வாய் திறந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, குவளையை அவள் கையிலேயே கொடுத்தாள்.

இப்போது அம்மாதான் ஊற்றுகிறாள், கொஞ்சம் கூடுதலாகவே. அண்ணன் பளபளவென்று இருக்கிறான். போன வாரம் பார்க்க வந்த சித்தி, "என்ன இருந்தாலும் பெத்தவ கை மாதிரி வருமா," என்றாள், அண்ணியின் காதில் விழும்படி.

ஜன்னலோரம் அண்ணி அவனுடைய சட்டை ஒன்றைப் பெரிதாக்கப் பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க சித்தி, வெளிச்சத்தை மறைக்கிறீங்க," என்றாள்.