பின் பெஞ்சுக்குப் போன அப்பம்

ஐந்தாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததில்லை. தென்காசிச் சந்தையில் தேங்காய் மூட்டை தூக்கியவன். இன்றைக்கு என் லாரிகள் செங்கோட்டை தாண்டிக் கேரளாவுக்குப் போகின்றன. இலஞ்சி போகிற வழியில் இருக்கும் எங்கள் சபைக் கட்டடத்துக்குக் கல்லும் மணலும் இறக்கியவன் நான். சபையை நடத்தும் மூப்பர்களில் மூத்தவனும் நான்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. நான் சபையை உடைத்தேன் என்று சொல்லித் திரிகிறார்களே, அவர்கள் வெட்கப்படட்டும்.

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் அருவிக்குக் கூட்டம் வருகிற மாதிரி ஊழியக்காரர்களும் வந்து இறங்குவார்கள். காலையில் ஐந்தருவியில் குளியல், மாலையில் ஏதாவது ஒரு சபையில் பிரசங்கம். அப்படி ஒரு தீர்க்கதரிசியை எங்கள் சபைக்கு அழைத்தது என் சம்பந்தி. என் மகனுக்குப் பெண் கொடுத்தவர், அவரும் ஒரு மூப்பர். லாட்ஜிலிருந்து தீர்க்கதரிசியைக் கூட்டிவர என் காரைத்தான் கேட்டார். நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

வரும் வழியில் அந்த மனுஷனின் ஜிப்பாவில் பொத்தான் அறுந்துவிட்டது. எங்கள் சபையில் ஒரு விதவைச் சகோதரி தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் கடைமுன் காரை நிறுத்தினேன். தைத்துக் கொடுத்தாள், டீயும் வரவழைத்துக் கொடுத்தாள். டீயைக் குடித்துக்கொண்டே அவர் வாசல் நிலையை அண்ணாந்து பார்த்தார். அங்கே கறுப்புக் கயிற்றில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய் தொங்கியது. கட்டடச் சொந்தக்காரர் கோயிலுக்குப் போகிறவர். அந்த வரிசையில் உள்ள எல்லாக் கடைக்கும் அவரே கட்டிவைத்தது அது. வாடகைக்கு இருக்கிறவள் அவிழ்க்க முடியுமா?

அன்று மாலைக் கூட்டத்தில் தீர்க்கதரிசி கண்ணை மூடினார். "ஆண்டவர் ஒரு வாசலைக் காட்டுறார். கறுப்புக் கயிறு தெரியுது, ஒரு காய் தெரியுது. அங்க இருந்துதான் இந்தச் சபைக்குள்ள சாபம் வருது" என்று பெண்கள் பக்கம் கையை நீட்டினார். நீட்டிய கை நேராக அவளிடம் போய் நின்றது. சபை முழுக்க அல்லேலூயா. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கூட்டம் முடிந்ததும் அவர் என் கார்ப் பக்கம் வந்தார்.

"அந்த வாசலை ஆண்டவர் காட்டினாரா, நான் காட்டினேனா?" என்று கேட்டேன்.

"உமக்குள்ள எதிர்க்கிற ஆவி இருக்கு."

"இருக்கட்டும். அது ஓட்டுத காரு உமக்கு வேண்டாம். ஆட்டோ பிடிச்சுப் போம்."

எங்கள் சபையில் ஞாயிறுதோறும் இயேசுவின் நினைவாக ஒரே அப்பத்தைப் பிட்டு எல்லோரும் புசிப்போம். ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர்கள் பின் பெஞ்சில் உட்கார வேண்டும். அங்கே அப்பத் தட்டு போகாது. அவளை அங்கே அனுப்ப வேண்டும் என்று மூப்பர் கூட்டத்தில் என் சம்பந்தி ஆரம்பித்தார்.

"கொஞ்ச நாளு இருக்கட்டும் அண்ணாச்சி. பாதிப் பேரு அவளுக்குப் பக்கத்துல உக்காரவே பயப்படுதாவ. சபை ரெண்டாயிரக் கூடாதுல்லா."

"பொத்தான் தைக்க நிறுத்துனப்போ பாத்துட்டு வந்து உளறுதான்வே அவன். நான் கூட நின்னேன்."

"ஊழியக்காரரைப் பகைக்காதேயும். நமக்கு ஒத்துமைதான் முக்கியம்."

"யாரோட ஒத்துமை? அவளைத் தள்ளிட்டு நீங்க மிச்சப் பேரு ஒட்டிக்கிட்டு இருக்கதுக்குப் பேரு ஒத்துமையா வே?"

ஒருமனமாக இருக்கவும் வேதத்தில் சொல்லியிருக்கிறது, வருகிறவனைச் சோதித்துப் பார்க்கவும் சொல்லியிருக்கிறது. இந்த ஆட்களுக்கு முதலாவது மட்டும் மனப்பாடம். சோதித்தால் வாய் வலிக்கும், நாலு பேர் முறைப்பார்கள். பயந்தாங்கொள்ளித்தனத்துக்குச் சமாதானம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணி எழுந்தார்கள். நான் ஒருவன்தான் மாட்டேன் என்றேன். எனக்குத் தெரியாமல் அவள் வீட்டுக்கு ஆளனுப்பிச் சொல்லியும் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் பின் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அப்பத்தைப் பிட்கிறவன் நான். பிட்டேன். முன்வரிசைக்குக் கொடுக்காமல் தட்டோடு நேராகப் பின்னால் நடந்தேன். சம்பந்தி ஓடிவந்து தட்டின் மறு ஓரத்தைப் பிடித்தார்.

"அண்ணாச்சி, இது முறை இல்ல."

"கைய எடும்வே."

"எடுக்க மாட்டேன்."

இரண்டு பேரும் விடவில்லை. பேரப்பிள்ளை எடுத்த இரண்டு கிழவன்கள் ஆராதனை நடுவே ஒரு தட்டை இழுத்துக்கொண்டு நின்றோம். அவள்தான் எழுந்தாள்.

"அப்பம் கீழ விழப்போவுது. ரெண்டு பேரும் சும்மா இருங்க."

அழவில்லை. ஒரு துண்டு எடுத்தாள், புசித்தாள். பெண்கள் பக்கத்தில் தன் பழைய இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். சம்பந்தி தட்டை விட்டுவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் பாதிச் சபை போனது. மிச்சப் பேருக்கு நான் அப்பம் கொடுத்தேன்.

போனவர்கள் குற்றாலம் ரோட்டில் ஒரு மண்டபத்தில் கூடுகிறார்கள். சம்பந்தி என் வீட்டுப் படி ஏறுவதில்லை, பேரன் பிறந்தநாளுக்குக்கூட வரவில்லை. போன வாரம் மருமகள் தயங்கித் தயங்கி வந்து நின்றாள்.

"மாமா, கிறிஸ்மஸ் ஆராதனையாவது சேந்து வச்சிக்கிடலாம்னு அப்பா சொல்லுதாவ."

"வச்சிக்கிடலாம் தாயி. அதுக்கு முன்னால உங்கப்பா அந்தப் பொம்பளைகிட்டப் போயி, தப்பாச் சொல்லிட்டோம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"பழசை மறந்திரலாம்னு சொல்லுதாவ."

"மறக்கணும்னா அவ மறக்கணும். உங்கப்பா யாரு மறக்கதுக்கு?"

அவள் உள்ளே போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். போனில் அவருக்கும் கேட்கட்டும் என்றுதான் நான் குரலை உயர்த்தி அதையே இன்னொரு தரம் சொன்னேன்.