கறுத்துப்போன வாழ்த்து அட்டைகள்

ஸ்டெல்லாவைக் கொன்றது எண்ணூர்க் காற்று. மருத்துவமனை தந்த காகிதத்தில் ஒரு நோயின் பெயர் இருக்கிறது. அந்த நோய் எங்கிருந்து வந்தது என்று எழுத அதில் இடமில்லை.

செய்தி எங்கள் தொண்டர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இளைஞர் மன்றங்களுக்குச் செயல்முறைப் பொருட்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பும் அறக்கட்டளை, சில மாதங்களுக்கு ஒருமுறை தன் ஆர்டர் பக்கத்தைக் கொஞ்ச நாள் திறந்து வைக்கும். அப்போது திறந்திருந்தது. "ஆர்டர் போடாத மன்றங்கள் உடனே போடவும்" என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஸ்டெல்லாவின் தம்பி, "அக்கா காலைல தவறிட்டாங்க" என்று எழுதினான். கூப்பிய கைகள் வரிசையாக வந்தன. அலுவலகமும் ஒன்று போட்டது. பிறகு மறுபடி எழுதியது: "நாளை மாலை பக்கம் மூடப்படும்."

எங்கள் மன்றத்துக்கு ஆர்டர் போட்டவள் ஸ்டெல்லாதான். மற்ற மன்றங்களிலிருந்து இதைப் படிக்கும் உங்களில் பலருக்கும் அவள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். நாமெல்லாம் அந்தப் பக்கத்திலுள்ள பெட்டிகளின் பட்டியலைத் திறந்து, எது அழகாக இருக்கிறதோ அதைத் தட்டுவோம். அவள் முதலில் மன்றத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் பட்டியல். அவர்கள் கேட்பது அதில் ஒருபோதும் இருக்காது. "கேட்டது வராதுப்பா. வர்றதுல எது நமக்கு ஆவும்னு பாரு" என்பாள். எந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். சமையலறை வேதியியல் பெட்டியை வாங்கி, அதிலிருந்த லிட்மஸ் தாளை எடுத்து, அமிலம் இருக்கிறதா என்று பார்க்க மழைத் தண்ணீரில் நனைக்கச் சொன்னவள் அவள்.

பொருள் வந்து சேர்வது இன்னொரு போராட்டம். கூரியர்காரர்கள் எங்கள் பக்கம் வரமாட்டார்கள். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்ட முடியாதாம். அதனால் வண்ணாரப்பேட்டையில் அவள் வேலை பார்த்த துணிக்கடையின் முகவரியைக் கொடுத்துவிட்டாள். கடைக்காரர் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரர். பெட்டி வரும்போதெல்லாம் சத்தம் போடுவார்.

"இது துணிக்கடையா, பள்ளிக்கூடமா? நைட்டி எங்க, பூதக்கண்ணாடி எங்கன்னு தெரியலயே எனக்கு."

"கண்ணாடிய வெச்சுப் பாரு அண்ணாச்சி, நைட்டி தெரியும்."

திட்டிக்கொண்டே அவர்தான் பெட்டிக்குக் கயிறு கட்டித் தருவார். கும்மிடிப்பூண்டி ரயிலின் நெரிசலில் அதை மடியில் ஏற்றிக்கொண்டு வருவாள். படியேறும்போது மூச்சு இரைக்கும். பெட்டியை வாங்கப் போனால் தரமாட்டாள்.

ஒருமுறை பிள்ளைகள் கேட்டது, அனல்மின் நிலையப் புகை இறங்கும் தங்கள் தெருவில் காற்று எவ்வளவு அழுக்கு என்று பார்க்க வேண்டும் என்பது. பட்டியலில் கைகழுவும் பழக்கம் இருந்தது, காகிதப் பூ இருந்தது, காற்று இல்லை. ஸ்டெல்லா 'வாழ்த்து அட்டை செய்வோம்' பெட்டியை ஆர்டர் செய்தாள். அதில் கனமான வெள்ளை அட்டைகள் இருந்தன. தூசி ஒட்டிக்கொள்ள அவற்றில் வாசலின் களிம்பைத் தடவி, மொட்டை மாடிகளில் கொடிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். வாரக் கடைசியில் எடுத்தபோது வெள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

பெட்டி வாங்கினால் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்பது அலுவலக விதி. அனுப்பினோம். பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு கறுப்பு அட்டையிலும் விரலால் 'புத்தாண்டு வாழ்த்துகள்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்து ஸ்டெல்லா சிரித்த சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அலுவலகத்திலிருந்து ஒருங்கிணைப்பாளர் வந்தார். அட்டைகளைப் பார்த்தார். "நல்ல முயற்சிம்மா. ஆனா இது ரோட்டுத் தூசியாக்கூட இருக்கலாம். கருவி வெச்சு அளந்தாத்தான் பேச முடியும்."

"அப்ப கருவிய அனுப்பு சார்."

"அது பட்டியல்ல இல்லையே."

"பட்டியல்ல போடு சார். நீங்க எழுதுன பட்டியல்தான, வானத்துலேர்ந்தா வுழுந்துச்சு?"

அவர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஆர்டர் பக்கத்தின் அடியில் 'பிற தேவைகள்' என்றொரு கட்டம் உண்டு. யாரும் அதைத் தொடுவதில்லை. ஸ்டெல்லா அதில் எழுதினாள்: காற்றுத் துகள் அளக்கும் கருவி, ஒன்று. காரணம்: அலுவலகம் கேட்டது. பக்கத்தில் 'பரிசீலனையில்' என்று வந்தது. அடுத்த முறை பக்கம் திறந்தபோதும் அதையே எழுதினாள். அதற்கடுத்த முறையும். நான் சலித்துக்கொண்டேன். "அவனுங்க மறந்துருவானுங்க. நாம மறந்துகினா வேலைக்கு ஆவாது" என்றாள்.

கடைசி நாள் விடியும்போதே மூச்சுத் திணறல். ஆட்டோவில் ஏற்றினார்கள். முன்னால் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் வரிசையாக நின்றன. அவளுடைய அம்மா என்னிடம் சொன்னார்: "ஒரு லாரிகூட நகரல நைனா. எம்புள்ள கம்பியப் புடிச்சிகினு வாயத் தொறந்து தொறந்து பாத்துச்சு." ஸ்டெல்லாவுக்கு வயது முப்பதைத் தாண்டி அதிகமில்லை.

மறுநாள் அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றோம். பக்கம் மூட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. எந்தப் பெட்டி வேண்டும் என்று பிள்ளைகளிடம் கேட்டேன். ஒன்பதாவது படிக்கும் ரம்யா சொன்னாள்: "ஒண்ணும் வேணாண்ணா. கலர் பென்சில்கூட வேணாம். அக்கா கேட்டத்த மட்டும் போடு." அதை மட்டும் போட்டோம். காரணத்தையும் அவள் எழுதியபடியே எழுதினோம்.

அவள் வீட்டு மாடியில் ஓர் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் வைத்திருக்கிறேன். வாசலின் தடவியபோது பதிந்த அவளுடைய கட்டைவிரல் ரேகை அதன் ஓரத்தில் இருக்கிறது. அந்தக் கோடுகளுக்குள்ளும் கரி இறங்கியிருக்கிறது.

அலுவலகத்தில் இருப்பவர்களே, கருவியை அனுப்புங்கள். அவள் வீட்டு மாடியிலேயே வைக்கிறோம். ரோட்டுத் தூசிதான் என்று அது காட்டினால் அதையும் நாங்களே சொல்கிறோம். அனுப்புங்கள்.

இதைக் குழுவிலும் எழுதினேன். எல்லோரும் படித்ததற்கான நீலக் குறிகள் விழுந்துவிட்டன.