ஆராய்ச்சிக்குக் கொடுக்காத துண்டு

அண்ணையின் மூளையிலிருந்து எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று வைத்தியர் கேட்டார். புரதத்தை உருவாக்காத ஆர்.என்.ஏ. என்று ஒரு வகை உண்டாம். வேலையற்றவை என்று முன்னர் நினைத்தார்களாம். அவற்றில் சில மரபணுக்களை அடக்கிவைக்கும், சில அவிழ்த்துவிடும். இப்படியான கட்டிகளில் அந்தக் கட்டுப்பாடு குலைந்து, வளர்ச்சி தடையில்லாமல் போகிறது. அதைத்தான் படிக்கிறார்கள். இதனால் அண்ணைக்கு மருந்து எதுவும் கிடைக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

"எனக்கு உதவாட்டி ஆருக்கும் உதவட்டும்" என்று அண்ணை கையெழுத்து வைத்தார். வருத்தம் வந்தபின் அவர் விரும்பிச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அண்ணி கொதித்தார். "பிள்ளைக்குக் கலியாணம் பேசேக்கை, மரபணு வருத்தமெண்டு நாங்களே எழுதிக் குடுக்கிறதோ?"

மாற்றம் கட்டியின் உயிர்க்கலங்களுக்குள் நடந்தது, மகளுக்குக் கடத்தப்படுவதல்ல என்று வைத்தியர் சொன்னதைச் சொன்னேன்.

"உது உங்களுக்கு விளங்கும் தம்பி. பருத்தித்துறைச் சனத்துக்கு விளங்குமோ?"

சத்திரசிகிச்சை முடிந்து அண்ணை வீடு வந்த பிறகு, மாப்பிள்ளை பகுதியில் ஒருவர் குடும்பத்தைப் பற்றி விசாரிக்க வந்தார். வழக்கமாக அயலில்தான் விசாரிப்பார்கள். பத்திரிகைக்காரன் உண்மை சொல்வான் என்று நம்பி அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணைக்குத் தலையிலை ஒப்பரேசனாம்?"

"மோட்டார் சைக்கிளாலை விழுந்தவர். மாடு குறுக்காலை வந்தது" என்றேன். மழை, வளைவு, வெளிச்சமில்லாத வீதி எல்லாம் கேட்காமலே வந்தன. செய்தி எழுதிப் பழகிய வாய்.

அவர் தோடம்பழத்தோடு அண்ணையைப் பார்க்கவும் வந்தார். "மாடெல்லோ வந்ததாம்?"

அண்ணை என்னைப் பார்த்தார். வலது பக்க வாய் அவருக்கு இன்னும் சரியாக அசையவில்லை. "ஓம்" என்றார் மெதுவாக. "நல்ல கொழுத்த மாடு."

வந்தவர் சிரித்தார். அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்தார்.

அவர் போனதும் அண்ணை சொன்னார்: "ஆஸ்பத்திரியிலை இருக்கிற அந்தத் துண்டை ஆராய்ச்சிக்குக் குடுக்கவேண்டாமெண்டு சொல்லிவிடு. பிறகு ஆராய்ச்சிக்காரர் வீட்டுக்குப் போன் எடுப்பினம். மாட்டாலை விழுந்தவனுக்கு என்ன கட்டி?"

"நான் அவசரத்திலை..."

"பொய்யெண்டாலும் உவன் எடுப்பாத்தான் சொல்லுவான்" என்று என்னைக் காட்டி அண்ணியிடம் சொன்னார். அண்ணி நிமிரவில்லை.

வைத்தியரை அழைத்து, குடும்பக் காரணம் என்றேன். "அது அவரின்ரை விருப்பம்" என்று மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"சொல்லிப்போட்டியோ?" என்று உள்ளேயிருந்து அண்ணை கேட்டார்.

சொல்லிவிட்டேன் என்றேன். அவர் இருந்த அறைக்குள் போக எனக்கு முகமில்லை.